ஏலம் விடுறவரே கணக்கும் எழுதினால்...

"தம்பி, ரிப்போர்ட்டுல ஒண்ணுக்கு ஆறுன்னு போட்டிருக்குது. அப்புறம் எதுக்கு நான் மாசா மாசம் பேங்குல ஓ.டி. எடுத்துட்டு இருக்கறேன்?"

ஈரோட்டிலிருந்து பெரியப்பா மகன் போன். அண்ணனுக்கு ஜவுளி வியாபாரம். பவானி ஜமக்காளம், போர்வை, துண்டு, தலையணை உறை... பெரியப்பா காலத்துக் கடை. சில வருஷங்களுக்கு முன்னால் அண்ணன் மகள் ஒரு வெப்சைட் ஆரம்பித்தாள். ஆர்டர் வர ஆரம்பித்தது. கூடவே ஆன்லைன் விளம்பரமும். இப்போது விளம்பரத்தை மனிதர்கள் யாரும் பார்த்துக்கொள்வதில்லையாம். மெஷின் பார்த்துக்கொள்கிறதாம்.

"எவ்வளவு செலவு பண்ணணும், எங்க பண்ணணும், யாருக்குக் காட்டணும், எல்லாம் அதுவே முடிவு பண்ணிக்கும் தம்பி. நாம மாசத்துக்கு இவ்வளவுன்னு சொன்னாப் போதும்."

"சரிங்கண்ணா. அப்புறம் என்ன பிரச்னை?"

"அதான் சொன்னேனே. ரிப்போர்ட்டுல லாபம். கல்லாவுல காணோம்."

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையை மூடிவிட்டு முழுக்க ஆன்லைனுக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறாராம். வாடகை மிச்சம். இரண்டு பேர் சம்பளம் மிச்சம். அந்த இரண்டு பேரில் ஒருவர், பெரியப்பா காலத்திலிருந்து ஜமக்காளம் விரித்துக் காட்டிக்கொண்டிருப்பவர். எங்களையெல்லாம் டவுசர் போட்ட வயதிலிருந்து பார்த்தவர்.

"எல்லா ஆர்டரும் விளம்பரத்துலதான் வருதுன்னு ரிப்போர்ட் சொல்லுது. அப்புறம் கடை எதுக்கு?"

கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த ரிப்போர்ட்டை எழுதியது யார்?

*

பி.காம். படித்தபோது ஆடிட்டிங் வாத்தியார் முதல் வகுப்பிலேயே சொன்ன விஷயம் ஒன்று உண்டு. பணத்தை வாங்குகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அவர் திருடுவார் என்பதற்காக அல்ல. தப்பு நடந்தால் கண்டுபிடிக்க ஆள் இல்லாமல் போய்விடும் என்பதற்காக. மூன்று வருஷப் படிப்பில் எனக்கு மறக்காமல் நிற்கும் ஒன்றிரண்டு விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஆன்லைன் விளம்பரம் என்பது அடிப்படையில் ஒரு ஏலம். ஈரோட்டுக்காரருக்கு ஏலம் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மஞ்சள் ஏலம் பார்த்து வளர்ந்தவர்கள். நீங்கள் கூகுளில் "காட்டன் போர்வை" என்று தட்டும் அந்த ஒரு நொடிக்குள், போர்வை விற்கிற அத்தனை பேருக்கும் நடுவே ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. யார் எவ்வளவு தரத் தயார், யாருடைய விளம்பரத்தை ஜனங்கள் க்ளிக் பண்ண வாய்ப்பு அதிகம் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்து இடம் ஒதுக்குகிறார்கள்.

இதை ஆரம்பித்து வைத்தது கூகுள் இல்லை. 1998-ல் பில் கிராஸ் என்ற அமெரிக்கர், கோ-டூ என்ற தேடல் தளத்தில், யார் ஒரு க்ளிக்குக்கு அதிகம் தருகிறார்களோ அவர்களுக்கு மேலே இடம் என்று தொடங்கினார். "தேடல் முடிவைக் காசுக்கு விற்பதா?" என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. கூகுள் 2000-ல் விளம்பரம் வாங்க ஆரம்பித்து, 2002-ல் க்ளிக் ஏலத்துக்கு வந்தது. தேடலில் அது எடுத்துக்கொண்ட முறையின் சாரம் இதுதான்: ஜெயித்தவர் தான் கேட்ட விலையைத் தர வேண்டாம், தனக்கு அடுத்து நிற்பவரை ஜெயிக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தந்தால் போதும். இந்த மாதிரி ஏலத்தின் சூட்சுமத்தை 1961-லேயே எழுதி வைத்தவர் வில்லியம் விக்ரி என்ற பொருளாதாரப் பேராசிரியர். 1996-ல் அவருக்கு நோபல் அறிவித்தார்கள். அறிவித்த மூன்றாம் நாள் மனிதர் காலமாகிவிட்டார்.

ஆரம்பத்தில் விலையைக் கேட்டது மனிதர்கள். "போர்வைக்கு 4 ரூபாய், ஜமக்காளத்துக்கு 6 ரூபாய்" என்று நாமே எழுதிக் கொடுப்போம். அப்புறம் மெஷின் கேட்க ஆரம்பித்தது. 2021 நவம்பரில் கூகுள் "பெர்ஃபார்மன்ஸ் மாக்ஸ்" என்று ஒன்றை எல்லா விளம்பரதாரர்களுக்கும் திறந்துவிட்டது. படம், வாசகம், பட்ஜெட், இலக்கு... இவ்வளவு கொடுத்தால் போதும். தேடல், யூ-டியூப், ஜிமெயில், மேப்ஸ், மற்ற வெப்சைட்டுகள் என்று எங்கே எவ்வளவு போடுவது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். 2022-ல் ஃபேஸ்புக்கின் மெட்டாவும் "அட்வான்டேஜ் பிளஸ்" என்று இதே பாணியில் இறங்கியது.

இதில் தப்பே இல்லை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான ஏலம். ஒவ்வொன்றிலும் ஊர், நேரம், எந்த போன் என்று பார்த்து விலை சொல்ல எந்த மனிதனாலும் முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் போர்வை தேடினால் அண்ணன் தூங்கிக்கொண்டிருப்பார், மெஷின் தூங்காது. பெரிய கம்பெனிகள் ஆள் வைத்துச் செய்த வேலை ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரருக்கும் கிடைத்திருக்கிறது. அந்தப் பெருமையை மறுக்கக் கூடாது.

என் சண்டை மெஷினோடு இல்லை. அதற்கு என்ன வேலை கொடுத்திருக்கிறோம், வேலையைச் சரியாகச் செய்தது என்று யார் சொல்கிறார்கள், இந்த இரண்டோடும்தான்.

*

ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு ஆர்டர் சராசரியாக 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் போட்டால் ஐந்து ரூபாய் வியாபாரம் வர வேண்டும்" என்று மெஷினிடம் சொல்லியிருக்கிறோம். இந்த விகிதத்துக்கு 'ரோவாஸ்' என்று பெயர். அந்தத் துறையில் சுப்ரபாதம் மாதிரி காலையும் மாலையும் சொல்வார்கள்.

யாரோ ஒருவர் "காட்டன் போர்வை" என்று தேடுகிறார். இவர் மாதிரி ஆட்களில் நூற்றுக்கு இரண்டு பேர் வாங்குவார்கள் என்பது மெஷினின் கணிப்பு. 1,500-ல் இரண்டு சதவிகிதம் 30 ரூபாய். அதில் ஐந்தில் ஒரு பங்கு 6 ரூபாய். ஆக, இவருக்காக மெஷின் 6 ரூபாய்வரை கேட்கும்.

இன்னொருவர் அண்ணன் கடையின் பெயரையே தட்டித் தேடுகிறார். போன வருஷம் வாங்கியவர். இவர் மாதிரி ஆட்களில் நூற்றுக்கு இருபது பேர் வாங்குவார்கள். 1,500-ல் இருபது சதவிகிதம் 300. ஐந்தில் ஒரு பங்கு 60 ரூபாய். இவருக்காக மெஷின் 60 ரூபாய்வரை கேட்கத் தயார்!

கவனித்தீர்களா? யார் எப்படியும் கடைக்குள் வரப்போகிறாரோ, அவருக்குத்தான் அதிக விலை.

சரியாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. விளம்பரம் இல்லாவிட்டால் இவர் வாங்கியிருப்பாரா? பெயர் சொல்லித் தேடியவர்களில் விளம்பரம் இல்லாமலே பத்தொன்பதரை பேர் வந்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் சேர்த்தது வெறும் அரை சதவிகிதம். அதற்கு நியாயமான விலை ஒன்றரை ரூபாய். போர்வை தேடிய புது ஆள் விளம்பரம் இல்லாமல் வந்திருக்க வாய்ப்பு 0.2 சதவிகிதம்தான் என்றால், விளம்பரம் சேர்த்தது 1.8 சதவிகிதம். அவருக்கு நியாயமான விலை 5 ரூபாய் 40 காசு. மெஷின் போட்ட கணக்கு அப்படியே தலைகீழாகிறது.

மெஷின் ஏமாற்றவில்லை. "வாங்குகிறவர்களைக் கொண்டு வா" என்றோம். கொண்டு வந்தது. "விளம்பரம் இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டாதவர்களைக் கொண்டு வா" என்று நாம் சொல்லவே இல்லை. கல்யாண மண்டப வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, "பாருங்கள், என் நோட்டீஸைப் பார்த்து ஐந்நூறு பேர் கல்யாணத்துக்கு வந்துவிட்டார்கள்" என்று ஒருவர் கூலி கேட்டால் எப்படி இருக்கும்? அதேதான்.

*

இது என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2012-ல் அமெரிக்காவில் இ-பே நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டடெலிஸ் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் நடத்திய சோதனை. 'இ-பே' என்ற பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தை யாஹூவிலும் மைக்ரோசாஃப்ட்டின் தேடலிலும் நிறுத்தினார்கள். என்ன ஆயிற்று? விளம்பரம் வழியாக வந்த க்ளிக்குகளில் 99.5 சதவிகிதம், கீழே இருக்கும் இலவச லிங்க் வழியாக அப்படியே வந்து சேர்ந்தது!

அடுத்து, பெயர் இல்லாத பொதுவான தேடல்கள். அமெரிக்காவின் சில பகுதிகளைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி பொறுக்கி, அங்கே மட்டும் கூகுள் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். மொத்த வியாபாரத்தில் கண்ணுக்குத் தெரியும் சரிவு இல்லை. புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குகிறவர்களிடமும் விளம்பரம் வேலை செய்தது, நிஜம். ஆனால் விளம்பரச் செலவில் பெரும்பகுதி, எப்படியும் வாங்கிக்கொண்டிருந்த பழைய வாடிக்கையாளர்கள் மேல்தான் போயிருந்தது. கூட்டிக் கழித்தால் போட்ட பணம் திரும்பவில்லை. இந்த ஆய்வு 2015-ல் 'எகனாமெட்ரிகா' இதழில் வந்தது.

"அப்படியானால் விளம்பரமே தண்டமா?" அவசரப்படாதீர்கள். இ-பே உலகறிந்த பெயர். ஈரோட்டுக் கடை அப்படி இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் பெயரில் நீங்கள் விளம்பரம் போடாவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் போடலாம்.

இதில் நம்ம சென்னைக்கு ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. பாரத் மேட்ரிமோனி நிறுவனம், தன் பெயர்களைத் தேடுகிறவர்களுக்குப் போட்டியாளர்களின் விளம்பரம் காட்டப்படுகிறது என்று 2009-ல் கூகுள் மேல் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 'தமிழ்', 'மேட்ரிமோனி' என்பதெல்லாம் பொதுவான சொற்கள் என்ற விஷயம் குறுக்கே நின்றது. 2010 தீர்ப்பில், கேட்ட தடை கிடைக்கவில்லை. அப்புறம் அதே நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்திடம் போன வழக்கில், 2018-ல் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. ஆனால் அந்த அபராதம் தேடல் முடிவுகளில் காட்டிய பாரபட்சத்துக்கு. விளம்பர ஏலத்தில் தப்பு இருப்பதாக ஆணையம் சொல்லவில்லை.

ஆக, சொந்தப் பெயருக்கு விளம்பரம் போடுவது சிலருக்கு தண்டம். சிலருக்கு வீட்டுக்குக் காவல்காரர் போடுகிற மாதிரி. நீங்கள் எந்த ரகம் என்று சோதித்தால்தான் தெரியும். அந்தச் சோதனையை மெஷின் தானாகச் செய்து, "சார், இவ்வளவு பணம் வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுமா? உங்களுக்கே பதில் தெரியும்.

*

இன்னொரு பொறியும் உண்டு. சராசரி என்கிற பொறி.

10,000 ரூபாய் விளம்பரம், 60,000 ரூபாய் வியாபாரம். ஒன்றுக்கு ஆறு. பிரமாதம் என்று பட்ஜெட்டை 20,000 ஆக்குகிறோம். வியாபாரம் 80,000. ஒன்றுக்கு நாலு. "இதுவும் நல்ல ரோவாஸ்தான் சார்" என்பார் விளம்பரக் கம்பெனியிலிருந்து போன் செய்கிற தம்பி.

சரக்கில் லாபம் 30 சதவிகிதம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். முதலில்: 60,000-ல் லாபம் 18,000. விளம்பரம் 10,000 போக கையில் 8,000. அடுத்து: 80,000-ல் லாபம் 24,000. விளம்பரம் 20,000 போக கையில் 4,000. வியாபாரம் ஏறியது, லாபம் பாதியானது! இரண்டாவது 10,000 ரூபாய் கொண்டுவந்தது 20,000 ரூபாய் வியாபாரம் மட்டும்தான். அதில் லாபம் 6,000. அதாவது 4,000 ரூபாய் நஷ்டம். சராசரி என்கிற போர்வை அதை அழகாக மூடிவிட்டது.

பொருளாதாரப் பாடத்தில் 'சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று ஒன்று படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்த சமாசாரம். நாலு இடத்தில் பணம் போடுகிறவர், கடைசி ரூபாய் எந்த இடத்தில் அதிகம் கொடுக்கிறதோ அங்கே நகர்த்திக்கொண்டே வர வேண்டும். எல்லா இடத்திலும் கடைசி ரூபாய் ஒரே பலனைக் கொடுக்கும்போது நிறுத்த வேண்டும். பல இடங்களுக்குப் பட்ஜெட் பிரிப்பது என்றால் இதுதான். நல்ல மெஷின்கள் இதைத்தான் செய்ய முயல்கின்றன. ஒரே ஒரு வேலிதான் குறுக்கே. ஒவ்வொரு கம்பெனியின் மெஷினும் தன் காம்பவுண்டுக்குள்தான் பணத்தைப் பிரிக்கும். கூகுள் மெஷின் "இந்த ஆயிரத்தை ஃபேஸ்புக்கில் போடுங்கள்" என்று சொல்லாது. ஃபேஸ்புக் மெஷின் "கூகுளுக்குப் போங்கள்" என்று சொல்லாது. "கடை வாசல் போர்டுக்குப் பெயின்ட் அடியுங்கள்" என்று எந்த மெஷினும் சொல்லாது.

அண்ணன் இரண்டு கம்பெனிகளில் விளம்பரம் போடுகிறார். எந்த இரண்டு என்பது முக்கியமில்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் அனுப்பச் சொல்லி, "எங்கள் மூலமாக வந்த ஆர்டர்" என்று இரண்டு பேரும் போட்டிருந்ததைக் கூட்டினேன். அண்ணன் அந்த மாதம் அனுப்பிய மொத்தப் பார்சலைவிட அதிகமாக வந்தது!

மாயமில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு பேரும் விளம்பரம் காட்டியிருக்கிறார்கள். அவர் ஒரு போர்வை வாங்கினார். இரண்டு பேரும் "நான்தான்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். க்ளிக் கூட பண்ண வேண்டாம். மெட்டாவில் வழக்கமாக வைத்திருக்கும் கணக்கு முறைப்படி, விளம்பரத்தை ஒருவர் க்ளிக் செய்து ஏழு நாளுக்குள் வாங்கினாலும், வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கினாலும், அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் சேரும்.

*

இனி அந்தப் பழைய ஆடிட்டிங் பாடத்துக்கு வருவோம்.

மஞ்சள் மண்டியில் ஒருவர் இருக்கிறார். ஏலம் விடுகிறவர் அவர். உங்கள் சார்பில் ஏலம் கேட்கிறவரும் அவர். உங்களோடு போட்டி போடுகிறவர் சார்பில் கேட்கிறவரும் அவரே. ஏலத்தில் கிடைக்கும் பணத்தில் பங்கும் அவருக்கு. கடைசியில், "நீங்கள் வாங்கிய சரக்கால் உங்களுக்கு நல்ல லாபம்" என்று சர்ட்டிஃபிகேட் எழுதிக் கொடுப்பவரும் அவர். ஈரோட்டில் ஒரு விவசாயி இதை ஒத்துக்கொள்வாரா? உலகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. 2024-ல் மட்டும் கூகுளின் விளம்பர வருமானம் சுமார் 26,460 கோடி டாலர். மெட்டாவுக்கு சுமார் 16,060 கோடி டாலர்.

கோர்ட்டுகள் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 2023 செப்டம்பரில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் கூகுளின் விளம்பரப் பிரிவு உயர் அதிகாரி ஜெர்ரி டிஷ்லர் சாட்சி சொன்னார். ஏலத்தில் மாற்றங்கள் செய்து விளம்பர விலையை 5 சதவிகிதம் வரை, சில தேடல்களுக்கு 10 சதவிகிதம் வரைகூட ஏற்றியது உண்டு என்றார். இதையெல்லாம் விளம்பரதாரர்களிடம் சொல்வது வழக்கமில்லை என்பதையும் ஒத்துக்கொண்டார். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலிலும் தேடலோடு வரும் எழுத்து விளம்பரங்களிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் கட்டிக் காத்தது என்று தீர்ப்பளித்தார். 2025 ஏப்ரலில் வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, வெப்சைட்டுகளில் விளம்பர இடம் விற்கும் கருவியிலும் ஏலச் சந்தையிலும் இதே மாதிரி முடிவுக்கு வந்தார். விளம்பரதாரர் பக்கத்துக் கருவிகள் பற்றிய குற்றச்சாட்டு மட்டும் நிரூபிக்கப்படவில்லை. இரண்டு தீர்ப்புகளையும் ஏற்க முடியாது, மேல்முறையீடு செய்வோம் என்றது கூகுள்.

கூகுளுக்கும் நியாயம் செய்ய வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் மாக்ஸ் வந்த புதிதில், பணம் யூ-டியூப்பில் எவ்வளவு போனது, தேடலில் எவ்வளவு போனது என்றே சரியாகத் தெரியாது. விளம்பரதாரர்கள் கத்தினார்கள். 2023-ல், "என் கடைப் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டாதே" என்று சொல்ல வழி வந்தது. 2025-ல் எந்த இடத்தில் என்ன பலன் என்ற ரிப்போர்ட்டும் வர ஆரம்பித்தது. நல்லது. ஆனால் நாலு வருஷம் பணம் கொடுத்தவருக்கு, பணம் எங்கே போனது என்று காட்ட இவ்வளவு நாளா?

அதுவரை மார்க் போடுவது மட்டும் நிற்கவில்லை. கூகுள் விளம்பரக் கணக்கில் நுழைந்தால் 'ஆப்டிமைசேஷன் ஸ்கோர்' என்று நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மார்க் மின்னும். அவர்கள் சொல்லும் யோசனையை ஏற்றுக்கொண்டால் மார்க் ஏறும். அண்ணன் மகள் ரேங்க் கார்டு வாங்கிப் பழகிய பெண். நூறு எடுக்காமல் அவளுக்குத் தூக்கம் வருமா? யோசனை வேண்டாம் என்று காரணம் சொல்லித் தள்ளிவிட்டாலும் அதே மார்க் ஏறும் என்பது அவளுக்கு யாரும் சொல்லாத ரகசியம். நான்தான் சொன்னேன்.

*

கடைசியில் அண்ணன் என்ன செய்தார்?

மூன்று காரியங்கள் சொன்னேன். ஒன்று, சொந்தக் கடைப் பெயரைத் தேடுகிறவர்களுக்கான விளம்பரத்தை நிறுத்துவது. இரண்டு, ஆறு வாரம் சில மாவட்டங்களில் மட்டும் எல்லா ஆன்லைன் விளம்பரத்தையும் அணைத்துவிட்டு, மற்ற மாவட்டங்களோடு ஒப்பிடுவது. மூன்று, ஆர்டர் போட்ட ஒவ்வொருவருக்கும் போன் பண்ணி, "எங்க கடையை எப்படிங்க தெரியும்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுவது.

மூன்றாவது வேலை, ஜமக்காளம் விரித்துக் காட்டுகிற அந்தப் பெரியவருக்குக் கிடைத்தது.

ஆறு வாரச் சோதனை விஞ்ஞானம் ஆகிவிடாது. சின்னக் கடைக்கு ஒரு வாரம் ஆர்டர் கூடும், ஒரு வாரம் குறையும். பெரிய கம்பெனிகளே இதில் திணறியிருக்கின்றன. ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் என்ற இருவர் 25 பெரிய சோதனைகளை ஆராய்ந்து 2015-ல் எழுதிய கட்டுரையின் சாரமே, விளம்பரத்தின் லாபத்தைத் துல்லியமாக அளப்பது மகா கஷ்டம் என்பதுதான். ஆனால் ஒன்று: அளப்பது கஷ்டம் என்றால், 'ஒன்றுக்கு 6.2' என்று புள்ளி வைத்துச் சொல்கிற ரிப்போர்ட்டை மட்டும் எப்படி நம்புவது?

முடிவு கலவையாகத்தான் வந்தது. பெயர் விளம்பரத்தை நிறுத்தியதில் பெயர் சொல்லித் தேடி வந்தவர்கள் குறைந்த மாதிரி தெரியவில்லை. விளம்பரம் அணைத்த மாவட்டங்களில் புது ஆட்கள் குறைந்தார்கள். ஆக, புது ஆட்களைக் கொண்டுவருவதில் மெஷின் நிஜமாகவே உழைத்திருக்கிறது. அந்தச் செலவை வைத்துக்கொண்டார். மற்றதை வெட்டினார்.

நோட்டுதான் சுவாரஸ்யம். அண்ணன் வாட்ஸ்அப்பில் பக்கங்களை அனுப்பியிருந்தார். பெரியவரின் குண்டு எழுத்து. 'கல்யாணத்துக்குச் சீர் வாங்க நேரில் வந்தவர்.' 'மாமியார் வீட்டுப் போர்வையில் லேபிள் பார்த்தாராம்.' 'அய்யா இருந்தபோது வாங்கியவர், இப்போது பெங்களூரில்.' 'இன்டர்நெட் விளம்பரம்.' 'கடையைத் தாண்டி பஸ்ஸில் போகிறவர்.' பக்கம் பக்கமாக இப்படி. இத்தனை பேரையும் மெஷின் தன் கணக்கில் எழுதியிருந்தது. அதற்குக் கடை தெரியாது. லேபிள் தெரியாது. பெரியப்பாவைத் தெரியாது. கடைசியாக எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

"கடையை மூடியிருந்தா என்னாயிருக்கும் தம்பி?"

"ரெண்டு வருஷம் ஒண்ணும் ஆகியிருக்காதுங்கண்ணா. அதுக்கப்புறம் உங்க பேரைத் தட்டித் தேடறதுக்கு ஆள் இருந்திருக்காது. ஏன் இல்லேன்னு எந்த ரிப்போர்ட்டும் சொல்லியிருக்காது."

கடை இருக்கிறது. பெரியவரும் இருக்கிறார். ஓ.டி. இன்னும் முழுசாக அடையவில்லை. ஆனால் ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் குறைகிறதாம்.

"எனக்கென்ன, நான் விளம்பரமா போடறேன்?" என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை ஒரு சின்னக் கடையின் பெயரைத் தட்டித் தேடும்போது, மேலே 'ஸ்பான்ஸர்ட்' என்று அதே கடையின் பெயர் வரும். கொஞ்சம் கீழே, சும்மா, அதே கடை இன்னொரு தடவை வரும். மேலே தொட்டால் கடைக்காரருக்குச் செலவு. கீழே தொட்டால் இலவசம். நீங்கள் போகப்போவது என்னவோ ஒரே கடைக்குத்தான்.

கட்டை விரலை இரண்டு இன்ச் நகர்த்துங்கள். அந்தக் காசு ஈரோட்டிலேயே இருக்கட்டும்.